கம்பு தெரியாத பாலம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் நடுப்பத்து என்றொரு சிற்றூர் இருப்பது தென்காசிக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. "பந்தல்காரர் சிவனணைந்தபெருமாள் ஊர்" என்று சொல்லிப் பாருங்கள், "அட, நம்ம பெருமாள் அண்ணாச்சி ஊரா!" என்பார்கள். குற்றாலத்தில் சாரல் விழாவுக்கு மேடை போடுவது முதல் ஆலங்குளத்தில் காதுகுத்துக்குச் சாமியானா கட்டுவது வரை, சுற்றுவட்டாரத்தில் அவர் கை படாத விசேஷம் கிடையாது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. ஏணியில் ஏறி நிற்கும்போதுகூடக் கல்யாண வீட்டுக்காரர் மாதிரியேதான் இருப்பார்.

தொழிலில் அவருக்கு ஒரே கொள்கை. கம்பு தெரியக் கூடாது. பந்தலில் எத்தனை கம்பு நின்றாலும், எத்தனை இரும்புக் குழாய் நின்றாலும், எல்லாவற்றையும் சுருக்கு வைத்த துணியால் சுற்றிக் குண்டூசி குத்தி மூடிவிட வேண்டும். மூடாத கம்பைப் பார்த்தால் உடம்பில் துணியில்லாத மனிதரைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். துக்க வீட்டில்கூட அப்படித்தான். "வருத்தத்தோட வாறவன் கண்ணுல துருப்புடிச்ச பைப்பு படலாமாலே?" என்று உடன் வேலை பார்க்கும் பேச்சிமுத்துவைச் சத்தம் போடுவார். பேச்சிமுத்துவுக்கும் வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. இருபது வருடமாகக் குண்டூசி குத்திக் குத்தி, தூக்கத்தில்கூட விரலை உதறுகிறான் என்று அவன் வீட்டில் சொல்வார்கள்.

அண்ணாச்சி வீட்டுக்குப் போனால் இந்தக் கொள்கை எவ்வளவு முற்றிப்போயிருக்கிறது என்று தெரியும். துணி காயப்போடும் கொடி கட்டிய கம்பத்துக்கு ரோஸ் துணி. கேஸ் சிலிண்டருக்கு மஞ்சள் துணி. கிணற்றடியில் இருக்கும் தண்ணீர் மோட்டார் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கும். அவர் மனைவி உலகம்மாள் இதையெல்லாம் முப்பது வருடமாகச் சகித்துக்கொண்டு வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அரிசி, பருப்பு, முட்டை, இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை என்று அளந்து போடுகிற உத்தியோகம். அவளுக்கு அலங்காரம் என்றாலே ஆகாது. தாலிச் செயினும் ஒரு ஜோடி கம்மலும் போதும் என்கிறவள் இப்படி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அதுவும் ஒரு கூத்துதான்.

அந்த வருடம் டிசம்பரில் புயல் வந்தது. கடலிலே பிறந்த புயலுக்கு மலையடிவாரத்தில் என்ன ஜோலி என்று யாரும் கேட்க முடியவில்லை. விடாமல் பெய்த மழையில் குற்றாலத்து மெயின் அருவி பாறையே தெரியாமல் கொட்டியது. சிற்றாறு கரை மீறியது. நடுப்பத்தையும் குற்றாலம் சாலையையும் சேர்க்கிற ஓடையிலே ஒரு தரைப்பாலம் இருந்தது. வெள்ளம் அதன் நடுப்பகுதியை மட்டும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் நிற்க, நடுவில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணாச்சியின் குடோனுக்குள்ளும் தண்ணீர் புகுந்து குழாய், பலகை, துணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று.

ஊர்க்காரர்கள் பாலம் உடைவதற்கு முன்பே சாலைப் பக்கத்து மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அதுதான் நிவாரண முகாம். சமையல் பொறுப்பு இயல்பாகவே உலகம்மாளிடம் வந்தது. மற்ற பொறுப்பையெல்லாம் யாரும் கொடுக்காமலே அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். ஒரு கல்யாணத்துக்காக ஏற்றிய லாரி ஒன்று, மழையால் கல்யாணம் தள்ளிப்போனதில், சாலைப் பக்கமே நின்றுகொண்டிருந்தது. அதில் இருந்த அண்டா, நாற்காலி, ஜமுக்காளம் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் வந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். ரோஸ் துணியும் வந்தது. வாசலில் ஒரு ஆர்ச்சும் வந்தது.

உலகம்மாள் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். "இது என்ன நிவாரண முகாமா, கல்யாண மண்டபமா? எதுக்கு இந்த ஜிகினா எல்லாம்?"

"வீட்ட விட்டுட்டு வந்து நிக்க சனம் உலகு. தரையில உக்காத்தித் தட்டுல சோத்தப் போட்டா மனசு என்ன பாடுபடும்? பந்தியில எலையப் போட்டு உக்காந்தா, சரி நாலு நாளு விருந்துக்கு வந்துருக்கோம்னு நெனச்சுக்கிடுவாவ."

உலகம்மாள் கரண்டியோடு உள்ளே திரும்பினாள். அவர் சொன்னது சரி என்று அவளுக்குப் பட்டது. மறுநாள் அவளே பாயசம் வைத்தாள்.

அந்தப் பாயசம்தான் வினையாகப் போயிற்று. முகாமைப் பார்வையிட ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். வாசலில் ஆர்ச், உள்ளே ரோஸ் துணி, வரிசையாக இலை, வாளியில் பாயசம். ஜீப்பை விட்டு இறங்காமலே, "இங்கன ஏதோ கல்யாணம் நடக்கு, முகாம் எங்கன்னு விசாரிச்சுப் போ" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நடுப்பத்துக்காரர்களுக்கு வந்த போர்வைகள் முழுவதும் அடுத்த ஊர் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஆளுக்கு மூன்று போர்வை போர்த்திக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்களாம். இங்கே குளிரில் ஜமுக்காளத்தை மடக்கிப் போர்த்திக்கொண்டார்கள். இதிலிருந்து வேறு யாராக இருந்தாலும் ஒரு பாடம் படித்திருப்பார்கள். அண்ணாச்சி, "ஆர்ச்சுல 'நிவாரண முகாம்'னு எழுதிப் போட்டுருக்கணும், மறந்துட்டேன்" என்றார்.

மழை விட்டு, ஜனங்கள் வீடு திரும்பினார்கள். ஆனால் ஓடையில் தண்ணீர் வடியவில்லை. மேலே குளம் நிறைந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்ததால் இடுப்பளவு ஓடிக்கொண்டே இருந்தது. மணல் மூட்டையைப் போட்டு அதன்மேல் கால் வைத்துத் தாண்டினார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய உலகம்மாள் மூட்டை வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தென்காசியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணாச்சி கூப்பிடப் போனபோது அவள் வாசல்படி தாண்டாமல் சொன்னாள். "இந்தக் கையோட நான் அந்த ஓடைய ஏறி எறங்க மாட்டேன். நம்ம வீட்டு வாசல்ல என்னைக்கு ஒரு ஆட்டோ வந்து நிக்கோ, அன்னைக்கு வாரேன்."

"அதுக்குப் பாலமில்லா வேணும்?"

"ஆமா. பாலந்தான் வேணும்."

அவ்வளவுதான். அண்ணாச்சி தனியாக ஊர் திரும்பினார். காலையில் டீக்கடை இட்லி, ராத்திரி பரோட்டா. வேட்டிக்கு யார் கஞ்சி போடுவது என்று தெரியாமல் தானே போட்டு, வேட்டி அட்டை மாதிரி நின்றது. வீட்டில் எல்லாக் கம்புக்கும் துணி இருந்தது, பேச்சுத் துணைக்குத்தான் ஆள் இல்லை. அவளில்லாமல் அவரால் முடியவில்லை. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "ஊருக்கு ஒரு பாலம் வேண்டாமாவே?" என்று டீக்கடையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் அவருக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தார். கைலாசம் பிள்ளை, டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்றவர். பழைய நிலக்காரக் குடும்பம், நிலம் போய்ப் பேப்பர் படிக்கிற பழக்கம் மட்டும் மிஞ்சியது. மூன்று பேப்பரையும் வரி விடாமல் படித்துவிட்டு உலகத்துக்கே விளக்கம் சொல்வார்.

"பெருமாளு, புயலு நம்ம ஊருக்கு மட்டுமா வந்துச்சு? நாடு பூராவும் சேதம் கெடக்கு. அதுல ஒரு முன்னுரிமை உண்டு. மொதல்ல துறைமுகம். பொறவு ரயில்பாதை. பொறவு கரண்டு டவரு, நாலுவழிச் சாலை. அதுக்கும் பொறவுதான் மாநிலச் சாலை, மாவட்டச் சாலை. கடைசியா ஊராட்சிச் சாலை. நம்ம பாலம் அதுலயும் கடைசி."

"அப்ப என் பொண்டாட்டி வீட்டுக்கு வரணும்னா மொதல்ல துறைமுகத்தக் கட்டி முடிக்கணுமா?"

"தேசத்தோட நிலைமை அப்படி" என்றார் கைலாசம் பிள்ளை, தாமே தேசத்தை நடத்துகிற வருத்தத்தோடு.

ஆனாலும் அவர் மனு எழுதாமல் இருக்கவில்லை. எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். அந்த மனுவின் தொல்லை தாங்காமலோ, உண்மையாகவே மனம் இரங்கியோ, தாசில்தார் ஜெயபிரியா ஒரு நாள் நேரில் வந்து உடைந்த பாலத்தைப் பார்த்தார். சுரண்டைப் பக்கத்துப் பெண், சுறுசுறுப்பானவர். சேதத்தைப் பார்வையிட டெல்லியிலிருந்து மத்தியக் குழு வரப்போகிறது, இந்த வட்டாரத்துக்குக் கிடைத்திருப்பது அரை நாள், அதில் இந்தப் பாலத்தைச் சேர்க்க மேலதிகாரிகளிடம் மன்றாடியிருக்கிறேன் என்றார். குற்றாலம் பார்த்துவிட்டு இங்கே வருவார்கள், பிறகு மேலே கரை உடைந்த இன்னொரு குளத்துக்குப் போய்விட்டு, இதே வழியாகத் திரும்பி வந்து டீ குடிப்பார்கள்.

"அண்ணாச்சி, டீ குடிக்க ஒரே ஒரு சாமியானா. நாலு நாற்காலி, போட்டோ வைக்க ஒரு மேசை. வேற ஒண்ணும் வேண்டாம். உடைஞ்சது உடைஞ்ச மாதிரியே கெடக்கட்டும். அவங்க அதப் பாக்கத்தான் வாராங்க."

"சரிம்மா" என்றார் அண்ணாச்சி. மனதாரத்தான் சொன்னார்.

ஆனால் அன்று சாயங்காலமே அவருக்கு மண்டைக்குள் குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. வருகிறவர்கள் சாலைப் பக்கத்து ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனால் என்ன தெரியும்? ஊருக்குள் வந்து சுவரில் வெள்ளம் ஏறிய கறையைப் பார்க்க வேண்டாமா? மணல் மூடிப்போன வயலைப் பார்க்க வேண்டாமா? அதற்கு ஓடையைத் தாண்ட வேண்டும். டெல்லிக்காரர்களை மணல் மூட்டைமேல் ஏறச் சொல்ல முடியுமா? அவர்களும் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் பாலம் எங்கே வரும்?

யோசனை நல்ல யோசனைதான், அதில் குற்றம் சொல்வதற்கில்லை. சுரண்டையில் பந்தல் தொழில் செய்கிற ஜெபசிங்குக்குப் போன் போட்டார். பெரிய மேடை போடுகிற இரும்புக் குழாயும் பலகையும் ஒரு நாளைக்கு வேண்டும் என்றார். குழு வந்து போகிற மறுநாள் தன் ஊர்க் கோயிலில் அசனம், ஊரே உட்கார்ந்து சாப்பிடப் பந்தல் போட வேண்டும், குழு வருகிற அன்றைக்கே சாயங்காலத்துக்குள் சாமான் திரும்பி வந்தாக வேண்டும் என்று ஜெபசிங் கறாராகச் சொல்லி அனுப்பினான். குழு வருவதற்கு முந்தின நாள் பகல் முழுவதும் அண்ணாச்சியும் பேச்சிமுத்துவும் ஆட்களும் தண்ணீருக்குள் நின்று குழாய் ஊன்றினார்கள். பலகை அடித்தார்கள். சினிமா நடனக் குழு மொத்தமும் ஏறிக் குதித்தாலும் அசையாத மேடை அது. சாயங்காலம் ஓடையின்மேல் அகலமாக ஒரு பாலம் நின்றது. ஓடுகிற தண்ணீர் காலடி மணலை அரித்துக்கொண்டே இருக்கும், இரண்டு நாள் தாங்காது. ஆனால் ஒரு நாள் தாங்கும்.

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம்.

விடிந்ததும் அண்ணாச்சி வந்து பார்த்தார். குழாய் குழாயாகத் தெரிந்தது. அவருக்குக் கண்ணை உறுத்தியது. "ஏலே பேச்சி, அந்த ரோஸ் துணிய எடு."

"தாசில்தாரம்மா வேண்டாம்னுல்லா சொன்னாவ?"

"அவிய பாலத்தச் சொன்னாவ. இது நம்ம வேலைலே. நாளைக்கு டெல்லியில போயி, தென்காசிப் பக்கம் கம்ப மூடக்கூடத் தெரியாதுன்னு சொல்லவா?"

குழாய்களுக்கு ரோஸ் துணி. பலகைமேல் சிவப்புக் கார்பெட். கார்பெட் போட்ட பிறகு பக்கவாட்டில் உடைந்த கான்கிரீட்டும் நீட்டிக்கொண்டிருந்த கம்பியும் அசிங்கமாகத் தெரியவே, தண்ணீரைத் தொடுகிற வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு நெருக்கமாகக் குண்டூசி குத்தினார்கள். முனைக்கு ஒரு ஆர்ச், இரண்டு குலைவாழை, நடுவில் 'வருக வருக'. வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது அண்ணாச்சிக்கே நெஞ்சு விம்மியது. ஓடை இருந்த இடம் தெரியவில்லை. உடைந்த பாலம் இருந்த இடமும் தெரியவில்லை.

கார்கள் வந்து நின்றன. முதலில் இறங்கிய ஜெயபிரியாவின் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணாச்சி, என்ன இது?" என்று கேட்பதற்குள் குழுத் தலைவர் இறங்கிவிட்டார். கண்ணாடி போட்ட உயரமான மனிதர். 'வருக வருக'வுக்கு ஒரு கும்பிடு போட்டார். சிவப்புக் கார்பெட்டில் விறுவிறுவென்று நடந்து ஊருக்குள் போனார். கறையைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது கார்பெட்டின் நடுவில் நின்று, "அந்த உடைந்த பாலம் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீங்க அதுமேலதான் சார் நிக்கீங்க" என்றார் ஜெயபிரியா, அதே ஆங்கிலத்தில்.

அவர் குனிந்து பார்த்தார். சிவப்பாக இருந்தது. காலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். அசையவில்லை. ஜெயபிரியா பக்கத்துத் துணியைப் பிடித்து இழுத்தார். அண்ணாச்சி கம்பெனிக் குண்டூசி, லேசில் வருமா? விரலில் குத்தி ரத்தம் வந்ததுதான் மிச்சம். "மக்களே சரிசெய்துகொண்டது பாராட்ட வேண்டிய விஷயம்" என்று சொல்லிக் குழுத் தலைவர் கையில் இருந்த அட்டையில் ஏதோ குறித்தார். அண்ணாச்சி முன்னால் ஓடிப்போய் நன்னாரி சர்பத் நீட்டினார். அதையும் பாராட்டிவிட்டுக் காரில் ஏறினார்கள்.

ஜெயபிரியா மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கினார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அண்ணாச்சிக்குத் தேவலையாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார்.

"சேதத்த மூணா பிரிக்காங்க அண்ணாச்சி. உடனே கட்டணும். பொறவு கட்டலாம். ஏற்கெனவே சரியாயிட்டு. நம்ம பாலம் மூணாவதுல போயிட்டு."

"சரியாயிட்டுன்னா நல்லதுதானம்மா?"

"சரியானதுக்கு யாரு அண்ணாச்சி பணம் குடுப்பா?"

கார் போன பிறகும் அண்ணாச்சி அதே இடத்தில் நின்றார். கையில் சர்பத் டம்ளர் இருந்தது. பாலம் வராது. பாலம் வராவிட்டால் உலகு வரமாட்டாள். எல்லாவற்றையும் தானே குண்டூசி குத்தி மூடிவிட்டோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் சாலையிலிருந்து ஒரு ஆட்டோ திரும்பியது. பேச்சிமுத்து காலையிலேயே பாலத்தை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். அதை உலகம்மாளின் தங்கை பார்த்து, "அக்கா, அத்தான் பாலம் கட்டிட்டாவ!" என்று கூவியிருக்கிறாள். ஆட்டோக்காரன் ஆர்ச்சைப் பார்த்தான், கார்பெட்டைப் பார்த்தான், யாரோ மந்திரி திறந்து வைத்த பாலம் என்று நினைத்து நேராக விட்டான். அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் ஆட்டோ பாலத்தைத் தாண்டி, ஊருக்குள் புகுந்து, அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. உலகம்மாள் மாவுக்கட்டுக் கையோடு இறங்கினாள். ஆட்டோ வந்த வழியே திரும்பிப் போனது.

அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினார். அவள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பல வாரமாகப் பார்க்காத சிரிப்பு. "பரவால்லியே, சொன்ன மாதிரி செஞ்சுட்டியளே!"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்காவது அந்தச் சிரிப்பு மிஞ்சியிருக்கும். ஆனால் அவளிடம் அவருக்குப் பொய் வராது. நடந்ததையெல்லாம் சொன்னார். ஜெபசிங் சாமான், சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது, மூன்றாவது வகையில் போய்விட்டது, எல்லாம்.

உலகம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். "டெல்லிக்காரன் நடக்கணும்னா ஒரு நாள்ல பாலம் வருது. நான் தெனம் அந்த மூட்டையில ஏறி எறங்குனேனே, அன்னைக்கு எனக்கு ஒரு நாள் போடணும்னு தோணலையா உங்களுக்கு?"

ஒரு நாள் பாலத்தால் அவளுக்கு என்ன பிரயோசனம் என்று நியாயம் சொல்லலாம். அது நியாயம்தான், ஆனால் அவள் கேட்டது அதை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. விருந்தாளிக்கு விரிக்கிற கார்பெட்டை வீட்டு ஆளுக்கு விரிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அதற்குள் ஊரே வாசலில் கூடிவிட்டது. விஷயம் எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. கைலாசம் பிள்ளை மூச்சிரைக்க முன்னால் வந்தார். "பெருமாளு, அவங்க இதே வழியா டீ குடிக்கத் திரும்பி வருவாங்க. அதுக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுரு. உள்ளது உள்ளபடி பாக்கட்டும்."

அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார். இப்போதுதான் வந்திருக்கிறாள். வந்த பாலத்தை அவள் கண் முன்னாலேயே பிரிப்பதா? பிரித்தாலும் டெல்லிக்காரர் மனம் மாறுவார் என்று என்ன நிச்சயம்? பாலமும் போய், இவளும் கோபித்துக்கொண்டு போய்விட்டால்? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்ன முழிக்கிய? பிரிங்க" என்றாள் உலகம்மாள். "மொதல்ல அந்தத் துணியக் கிழிங்க. நானே கிழிப்பேன், ஒரு கையாப் போச்சு."

அண்ணாச்சி ஓடினார். தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் கட்டிய துணியைத் தானே கிழித்தார். குண்டூசிகள் தெறித்துத் தண்ணீரில் விழுந்தன. கார்பெட்டைச் சுருட்டினார்கள், குலைவாழையைச் சாய்த்தார்கள், பலகையைப் பெயர்த்தார்கள். லாரி சாலைப் பக்கம் நின்றதால் ஊர்ப் பக்கமிருந்து பிரித்துக்கொண்டே சாலைப் பக்கமாக நகர்ந்தார்கள். கடைசிக் குழாயை லாரியில் ஏற்றிய பிறகுதான் அண்ணாச்சிக்கு உறைத்தது. மனைவி அக்கரையில் நின்றாள். அவர் இக்கரையில் நின்றார்.

கார்கள் திரும்பி வந்தன. குழுத் தலைவர் இறங்கி, பழகிய கால் என்பதால் பார்க்காமலே நாலு எட்டு வைத்தார். ஜெயபிரியா "சார்!" என்று கத்தியதும் சட்டென்று நின்றார். காலுக்கு முன்னால் பாலம் முறிந்து கிடந்தது. கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கீழே செம்மண் தண்ணீர் ஓடியது.

"இங்கே ஒரு பாலம் இருந்ததே?"

அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "அது பாலம் இல்ல சார். பந்தல். ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது. நீங்க வாறீங்கன்னு ஆசையில போட்டுட்டேன். உடைஞ்சது இதுதான். இத நான்தான் துணியப் போட்டு மூடுனேன். தப்பு என்னுது, ஊரு மேல இல்ல."

ஜெயபிரியா அதை ஆங்கிலத்தில் சொன்னார். குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. ஓடையை ஒரு முறை, லாரியில் கிடந்த ரோஸ் துணியை ஒரு முறை பார்த்தார். "அப்படியானால் இந்த மக்கள் எப்படிக் கடக்கிறார்கள்?" என்றார். ஜெயபிரியா அக்கரைக்கும் கேட்கட்டும் என்று அதைத் தமிழில் உரக்கச் சொன்னார்.

அண்ணாச்சி பதில் சொல்வதற்குள் அக்கரையிலிருந்து உலகம்மாள் குரல் வந்தது. "அதத்தான சார் நாங்களும் கேட்டுக்கிட்டிருக்கோம்!"

யாரும் மொழிபெயர்க்கவில்லை. மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு அவள் நின்ற நிற்பிலேயே அவருக்கு அர்த்தம் விளங்கியிருக்கும்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். இத்தனை பேர் முன்னால், டெல்லிக்காரர்கள் முன்னால், ஓடைக்குள் இறங்கினார். வேலைக்கு இறங்கியது வேறு. வெள்ளையும் சொள்ளையுமாக, விசேஷத்துக்கு உடுத்திய கோலத்தில் இறங்கினார். கஞ்சி போட்ட வேட்டி தண்ணீரில் நனையாமல் ஒரு நிமிடம் குடை மாதிரி விரிந்து நின்றது, பிறகு நனைந்து காலைச் சுற்றியது. மூட்டை ஒன்று உருண்டு, அவர் தலை முங்கத் தண்ணீருக்குள் விழுந்தார். இக்கரையில் குழுத் தலைவர் "ஓ!" என்று கத்தினார். அண்ணாச்சி எழுந்து, திருநீறு கரைந்த முகத்தோடு, கையால் துழாவித் துழாவி நடந்தார். யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அக்கரையில் நின்றவளைத்தான் பார்த்துக்கொண்டு போனார்.

கரையேறும்போது கைலாசம் பிள்ளை ஒரு பக்கமும் உலகம்மாள் இடது கையால் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். எதிர்க்கரையில் குழுத் தலைவர் அட்டையில் முன்பு எழுதியதை அடித்துவிட்டு நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தார். நெடுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று இங்கிருந்து தெரியவில்லை. ஊரே அவர் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி மட்டும் அதைப் பார்க்கவில்லை. உடம்பு வெடவெடவென்று நடுங்க, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, மனைவி பக்கம் திரும்பினார்.

"உலகு, பாலத்தப் பிரிச்சாச்சு. தங்கச்சி வீட்டுக்குத் திரும்பிப் போயிருவியா?"

உலகம்மாள் முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். கொஞ்சம் அழுத்தித்தான் துவட்டினாள்.

"எதுல போக?" என்றாள்.